கேம்ப்ல ரெஃப்ரிக்கு ஃபீட்பேக் குடுக்கிறது எப்படி: மென்டர் ஆகப்போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நான் முதல்தடவை ரெஃப்ரி கேம்ப் (ரெஃப்ரிகளுக்கு நிஜ மேட்ச் குடுத்து பயிற்சி தர்ற முகாம்) போனப்ப, ரெண்டாவது மேட்ச் முடிஞ்ச கையோட ஒரு அப்சர்வர், அதாவது ரெஃப்ரி எப்படி பண்றார்னு பார்த்து குறிப்பெடுக்கிறவர், என்னை கோர்ட் ஓரமா நிக்க வச்சு நோட்டைப் பார்த்து வரிசையா படிச்சார், நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், மொத்தம் 14 பாயிண்ட். அத்தனையும் சரியான பாயிண்ட்தான், இன்னைக்கு யோசிச்சுப் பார்த்தாலும் ஒண்ணையும் தப்புன்னு சொல்ல முடியல. ஆனா அடுத்த மேட்ச்ல விசில் வாயில இருக்கு, ஊத வரல. ப்ளேயர்கள் மோதுற ஒவ்வொரு காண்டாக்ட்டுக்கும் அந்த 14ல இது எத்தனாவதுன்னு மண்டைக்குள்ள ஓடுது, அதுக்குள்ள ஆட்டம் அடுத்த பக்கம் போயிடுது. அந்த கேம்ப்ல நான் கத்துக்கிட்டதை விட மறந்ததுதான் அதிகம்.

இப்ப பல வருஷமா நான் நோட்டு வச்சுக்கிட்டு உட்கார்ற பக்கம் இருக்கேன். இந்த வருஷம் முதல்முறையா மென்டரா போறவங்க சில பேர் கேட்டாங்க, எப்படி பண்றதுன்னு, அதனால முழுசா எழுதிடலாம்னு. உதாரணம் எல்லாம் பெரும்பாலும் பாஸ்கெட்பால், ஃபுட்பால்ல இருந்து வரும், ஆனா வாலிபால் ரெஃப்ரியா இருந்தாலும் ஹாக்கி அம்பயரா இருந்தாலும் வழி ஒண்ணுதான். ரெஃப்ரி குடுத்த முடிவைப் பத்தி பேசாதீங்க, அந்த முடிவுக்கு முன்னாடி அவர் எங்க நின்னார், என்ன பார்த்தார்னு பேசுங்க, அதுலயும் அடுத்த மேட்ச்ல செஞ்சு பார்க்கக்கூடிய ஒண்ணு ரெண்டு மட்டும் பேசுங்க. கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் இதை எப்படி நடத்துறதுங்கிறதுதான்.

ஸ்டெப் 1: கேம்ப் தொடங்குறதுக்கு முன்னாடி மென்டர்கள் ஒண்ணா உட்காருங்க

கேம்ப்ல ஒரு ரெஃப்ரி ரெண்டு மூணு நாள்ல நாலஞ்சு மேட்ச் பண்ணுவார், ஒவ்வொரு மேட்சுக்கும் வேற வேற மென்டர் வருவாங்க. காலைல ஒருத்தர் "இன்னும் கிட்ட போங்க"ன்னு சொல்வார், மத்தியானம் இன்னொருத்தர் "ஏன் இவ்ளோ கிட்ட போறீங்க"ன்னு கேட்பார், சாயங்காலம் அந்த பையன் ரெண்டுக்கும் நடுவுல நின்னு முழிப்பான். கேம்ப்கள்ல நான் அதிகமா பார்த்த குறை இதுதான், இதுக்கு ரெஃப்ரி மேல ஒரு தப்பும் கிடையாது.

அதனால முந்தின நாளே எல்லா மென்டரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இந்த கேம்ப்ல எதெல்லாம் வலியுறுத்தப் போறோம்னு மூணு நாலு தலைப்பு முடிவு பண்ணிடுங்க. எந்த வார்த்தையை எதுக்கு சொல்றோம்ங்கிறதையும் பேசிக்கோங்க. ஒருத்தர் "ஆங்கிள்"னு சொல்றதை இன்னொருத்தர் "பொசிஷன்"னு சொன்னா புது ஆளுக்கு அது ரெண்டு வேற விஷயமா தெரியும். ஒரு ஆளுக்கு என்ன சொன்னோம்னு எழுதி அடுத்த மென்டர் கைக்கு போற மாதிரி ஒரு ஷீட் வச்சுக்கோங்க, இது ஒண்ணு இருந்தாலே பாதி குழப்பம் தீரும்.

அப்புறம் ரூல் புக். இது உங்களுக்குத்தான். ஃபுட்பால் விதிகள்ல வர்ற மாற்றம் வருஷா வருஷம் ஜூலை 1ல அமலுக்கு வரும், பத்து வருஷம் முன்னாடி படிச்சதை வச்சு இன்னைக்கு மென்டர் பண்ண முடியாது. கோல் கிக்ல பந்து பெனால்டி ஏரியாவை விட்டு வெளிய வந்தாத்தான் ஆட்டத்துல இருக்குன்னு ஒரு காலத்துல இருந்துச்சு, 2019ல அதை மாத்திட்டாங்க, உதைச்சு பந்து தெளிவா நகர்ந்தாலே போதும். ஒரு மென்டர் ஒரு ரெஃப்ரி பொண்ணுகிட்ட பழைய ரூலை அடிச்சு சொல்லி, அந்த பொண்ணு பயந்துபோய் அடுத்த மேட்ச்ல கோல் கிக்கை திரும்ப எடுக்க வச்சதை நான் நேர்லயே பார்த்திருக்கேன். ரூல்ல சந்தேகம் வந்தா புக்கைத் திறந்து ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 2: மார்க் போட வந்தீங்களா, சொல்லிக் குடுக்க வந்தீங்களா

ரெண்டையும் ஒரே ஆள் பண்ண வேணாம்ங்கறது என் உறுதியான கருத்து. கிரேடிங்குக்கு பார்க்கிறவர் முன்னாடி எந்த ரெஃப்ரியும் "எனக்கு அது தெரியல சார்"னு சொல்ல மாட்டார், சொன்னா மார்க் போயிடும். அந்த "தெரியல" வரலைன்னா மென்டருக்கு வேலையே இல்ல. ஆள் பத்தாம ஒருத்தரே ரெண்டையும் பண்ண வேண்டியிருந்தா, எந்த மேட்ச் மார்க்குக்கு, எந்த மேட்ச் பயிற்சிக்குன்னு முதல்லயே வெளிப்படையா சொல்லிடுங்க.

ஸ்டெப் 3: மேட்சுக்கு முன்னாடி அவர்கிட்டயே கேளுங்க

ஒரே கேள்விதான்: "இந்த மேட்ச்ல நான் எதைப் பார்க்கணும்?" சிலர் உடனே சொல்வாங்க, சிலர் "எல்லாத்தையும் பாருங்க சார்"ம்பாங்க. எல்லாத்தையும்னு சொன்னா விட்டுடாதீங்க, கொஞ்சம் பிடிச்சு இழுங்க, போன மாசம் எந்த மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குப் போயும் மனசை உறுத்திச்சுன்னு கேட்டா பதில் வரும். அவர் சொன்னதை நோட்டுல மேல எழுதி வட்டம் போட்டுக்கோங்க, மேட்ச் முடிஞ்சதும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கணும், தானா கேட்ட விஷயத்துக்கு காது திறந்தே இருக்கும்.

ஸ்டெப் 4: பந்தைப் பார்க்காதீங்க, ரெஃப்ரியைப் பாருங்க

சொல்ல ஈஸி, செய்ய ரொம்ப கஷ்டம். நாமளும் ஆட்டத்துல ஊறினவங்கதான், கண்ணு தன்னால பந்து பின்னாடி ஓடும். முதல் அஞ்சு நிமிஷம் வேணும்னே பந்தை விட்டுட்டு ரெஃப்ரி கால், தலை, கண்ணு இது மூணை மட்டும் பாருங்க. எப்ப ஓட ஆரம்பிக்கிறார், எப்ப நிக்கிறார், விசில் ஊதுற நொடியில நின்னு பார்த்தாரா ஓடிக்கிட்டே பார்த்தாரா. நான் பார்த்த வரைக்கும் ஓடிக்கிட்டே குடுத்த கால் (call, அதாவது ரெஃப்ரி குடுக்கிற முடிவு), நின்னு பார்த்து குடுத்த காலை விட ஆட்டம் காணும்.

உட்கார்ற இடத்தையும் மாத்துங்க. ஒரு பாதி சைடுல, ஒரு பாதி கோல் அல்லது பேஸ்லைன் (பாஸ்கெட்பால்ல கூடைப் பக்கம் இருக்கிற கடைசிக் கோடு) பின்னாடி. மேல கேலரில உட்கார்ந்தா எல்லா ஃபவுலும் பளிச்சுன்னு தெரியும், கீழ நிக்கிறவருக்கு அது தெரியவே வாய்ப்பு இருந்திருக்காது. அவர் நின்ன உயரத்துல, அவர் நின்ன பக்கம் இருந்து ஒருதடவை பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

நோட்டுல தீர்ப்பு எழுதாதீங்க. "வீக் கால்", "கவனம் இல்ல" இதெல்லாம் வேணாம். நேரம், இடம், அவர் எங்க, என்ன நடந்துச்சு, இவ்ளோதான். என் நோட்டுல ஒரு பாஸ்கெட்பால் வரி இப்படி இருக்கும் (லீட்னா பேஸ்லைன்ல நிக்கிற ரெஃப்ரி): "2வது குவார்ட்டர், 4:12 பாக்கி, லீட், பேஸ்லைன் ஓரம், ரெண்டு பேர் உடம்பும் ஒரே நேர்கோட்டுல, ஃபவுல் குடுத்தார், டிஃபென்ஸ் மேல." இதைப் படிச்சா ஒரு வாரம் கழிச்சும் அந்த காட்சி கண் முன்னாடி வரும், "வீக் கால்"னு எழுதியிருந்தா எனக்கே எதுக்கு எழுதினேன்னு ஞாபகம் இருக்காது.

ஒரு கால் தப்பா போச்சுன்னா அது எங்க உடைஞ்சுதுன்னு தேடுங்க. நான் இந்த வரிசைல தேடுவேன்: முதல்ல நின்ன இடம், அப்புறம் எங்க பார்த்தார், அப்புறம் பார்த்ததை எப்படி எடைபோட்டார், அப்புறம் ரூல், கடைசியா சிக்னலும் பேச்சும். என் அனுபவத்துல பெரும்பாலானது முதல் ரெண்டுலயே மாட்டும். ஃபுட்பால் ஆஃப்சைட் பத்தி 2000ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, அசிஸ்டென்ட் ரெஃப்ரி கடைசி டிஃபெண்டருக்கு நேரா நிக்காம கொஞ்சம் முன்ன பின்ன நின்னா, அவர் கண்ணுல விழுற காட்சியே சாய்ஞ்சு போகுது, இல்லாத ஆஃப்சைட் இருக்கிற மாதிரி தெரியும், இருக்கிறது இல்லாத மாதிரி தெரியும்னு காட்டினாங்க. அவருக்கு ரூலும் தெரியும், நேர்மையும் இருக்கு, கண்ணும் நல்லாத்தான் இருக்கு, நின்ன இடம் ஒரு மீட்டர் தள்ளி. அவர்கிட்ட போய் "கவனமா பாருங்க"ன்னு நூறு தடவை சொன்னாலும் ஒண்ணும் மாறாது, அந்த ஒரு மீட்டரைச் சொன்னா மாறும்.

நல்லது பண்ணதையும் அதே மாதிரி நேரம் போட்டு எழுதுங்க. யூரோ 2000 மேட்ச்களை வச்சு பண்ண ஒரு ஆய்வுல ஒரு ரெஃப்ரி ஒரு மேட்சுக்கு சராசரியா 137 முடிவு வெளிய தெரியுற மாதிரி எடுக்கிறார்னு கணக்கு வந்துச்சு. அதுல ஆறு தப்புன்னு வச்சுக்குவோம், நாம அந்த ஆறை மட்டும் எழுதிட்டு வந்தா மீதி 131ஐ யாரு சொல்றது?

ஸ்டெப் 5: ஹாஃப் டைம்ல அளவா

ஒண்ணு சொல்லலாம், அடுத்த பாதிலயே பண்ணக்கூடியதா இருந்தா மட்டும். "கார்னர் கிக்குக்கு இன்னும் ரெண்டு அடி வெளிய நில்லுங்க" இது ஓகே. "முதல் பாதில அந்த பெனால்டி..." இது வேணவே வேணாம், மிச்ச மேட்ச் முழுக்க அந்த பெனால்டிதான் அவர் கண்ணுக்குள்ள நிக்கும். சொல்ல ஒண்ணும் இல்லைன்னா தண்ணி குடிக்க விட்டுட்டு வந்துடுங்க.

ஸ்டெப் 6: மேட்ச் முடிஞ்சதும் முதல்ல அவங்க பேசட்டும்

ஃபைனல் விசில் ஊதின உடனே பிடிச்சுக்காதீங்க. அஞ்சு பத்து நிமிஷம் மூச்சு வாங்கட்டும், முகம் கழுவட்டும். ப்ளேயர், கோச், பெற்றோர் காதுல விழாத ஒரு இடம் பாருங்க. நீங்க நின்னுக்கிட்டு அவங்களை உட்கார வச்சு பேசாதீங்க, எல்லாரும் உட்காருங்க, இல்ல எல்லாரும் நில்லுங்க.

முதல்ல க்ரூ (அந்த மேட்சை சேர்ந்து நடத்தின ரெஃப்ரிகள்) தங்களுக்குள்ள பேசட்டும், நீங்க கேளுங்க. அப்புறம் கேள்வி. "ஏன் அந்த ஃபவுல் குடுத்தீங்க?"ன்னு ஆரம்பிச்சா அது விசாரணை ஆயிடும், "ஏன்"னு கேட்டாலே மனுஷன் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பதில் சொல்வான். "எங்க நின்னீங்க, என்ன தெரிஞ்சுது"ன்னு கேளுங்க.

ஒரு கேம்ப்ல நடந்ததை அப்படியே சொல்றேன். மூணு பேர் க்ரூ, பேஸ்லைன்ல லீட்டா நின்ன பொண்ணு, ரெண்டாவது வருஷ அஃபிஷியல். கூடைக்குக் கீழ ஷூட்டர் விழுந்தான், இவங்க டிஃபென்ஸ் மேல ஃபவுல் குடுத்தாங்க, கோச் குதிச்சார். மேட்ச் முடிஞ்சு உட்கார்ந்ததும் அவங்களே அதைத்தான் எடுத்தாங்க.

"சார், அந்த ஃபவுல் தப்பா?"

"தப்பா சரியான்னு அப்புறம் பார்ப்போம்மா. நீங்க எங்க நின்னீங்க?"

"பேஸ்லைன்ல சார், பால் இருந்த பக்கம், கிட்டதான்."

"எவ்ளோ கிட்ட?"

"கை நீட்டினா தொடலாம் சார்."

"அங்க இருந்து என்ன தெரிஞ்சுது?"

"ஷூட்டர் விழுந்தது."

"விழுறதுக்கு முன்னாடி? டிஃபெண்டர் கை எங்க இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேசல. தரையைப் பார்த்தாங்க. எனக்கு பதிலை நானே சொல்லிடலாம்னு நாக்கு வரைக்கும் வந்துடுச்சு, அடக்கிக்கிட்டேன். அப்புறம் அவங்களே, "தெரியல சார். ஷூட்டர் முதுகு மறைச்சிடுச்சு. நான் விழுந்ததை வச்சு குடுத்துட்டேன்."

"எங்க நின்னிருந்தா கை தெரிஞ்சிருக்கும்?"

எழுந்து போய் கோர்ட்ல நின்னு பார்த்தாங்க. கூட இருந்த ரெண்டு ரெஃப்ரியும் ஷூட்டர், டிஃபெண்டரா நின்னு காட்டினாங்க. இவங்க ஒரு அடி பின்னாடி போனாங்க, பத்தல, பக்கவாட்டுல ரெண்டு அடி நகர்ந்ததும் ரெண்டு உடம்புக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சுது. "இங்க சார்"னு சொன்னப்ப அந்த முகத்துல ஒரு வெளிச்சம். அந்த ஃபவுல் சரியா தப்பான்னு அதுக்கப்புறம் யாரும் கேக்கல, கேட்கத் தேவையும் இல்ல.

இதுல நான் சொல்லிக் குடுத்தது ஒண்ணும் இல்ல, அஞ்சு கேள்வியும் ஒரு மௌனமும்தான். அந்த மௌனத்தைத் தாங்கிக்கிறதுதான் மென்டருக்கு ரொம்ப கஷ்டமான திறமை, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, பெரும்பாலும் ஏழு எட்டுல பதில் வந்துடும்.

ஸ்டெப் 7: ரெண்டே ரெண்டு எடுங்க

நோட்டுல இருபது வரி இருக்கும். அதுல ரெண்டு மட்டும் தேர்ந்தெடுங்க, முதல் வருஷ ஆளுன்னா ஒண்ணே போதும். எதை எடுக்கிறது? எந்த ஒண்ணைச் சரி பண்ணா மத்த அஞ்சு தன்னால சரியாகுமோ அதை. லேட்டா ஓட ஆரம்பிக்கிற ஒருத்தருக்கு ஆங்கிள் தப்பா இருக்கும், விசில் தயக்கமா இருக்கும், கோச் கத்துவார், அவரும் பதட்டமாவார், இது அத்தனைக்கும் வேர் ஓட ஆரம்பிக்கிறப்ப வைக்கிற அந்த முதல் மூணு அடி. அதை மட்டும் சொல்லுங்க. மீதி பதினெட்டையும் அடிக்க வேணாம், அடுத்த மென்டர் ஷீட்ல எழுதி வைங்க.

ஃபீட்பேக் எவ்ளோ குடுத்தாலும் நல்லதுதானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 1996ல க்ளூகர், டெனிசின்னு ரெண்டு பேர் ஃபீட்பேக் பத்தி அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை மொத்தமா சேர்த்து அலசினாங்க. சராசரியா பார்த்தா ஃபீட்பேக் உதவுது, ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல கேஸ்ல ஃபீட்பேக்குக்கு அப்புறம் வேலை மோசமாத்தான் ஆகியிருக்கு. கவனம் வேலைய விட்டு "நான் எப்படிப்பட்ட ஆளு"ங்கிற பக்கம் திரும்பும்போது பலன் குறையுதுங்கிறதுதான் அவங்க விளக்கம். படிச்சப்ப எனக்கு அந்த 14 பாயிண்ட்தான் ஞாபகம் வந்துச்சு.

ஸ்டெப் 8: வார்த்தை

ஆளைப் பத்தி பேசாதீங்க, செஞ்சதைப் பத்தி பேசுங்க. "உங்களுக்கு தைரியம் பத்தாது"ன்னு சொன்னா அவர் அதை வச்சு நாளைக்கு என்ன பண்ணுவார்? "கோச் கத்தினதுக்கு அப்புறம் மூணு நிமிஷம் உங்க விசில் சத்தம் குறைஞ்சுது"ன்னு சொன்னா அவருக்கு பிடி கிடைக்கும்.

பாராட்டும் அதே மாதிரிதான். "சூப்பரா பண்ணீங்க"ங்கிறது இந்த காதுல வாங்கி அந்த காதுல போயிடும். "அட்வான்டேஜ் குடுத்துட்டு ரெண்டு செகண்ட் பொறுத்துப் பார்த்தீங்க, அதனாலதான் அந்த கோல் வந்துச்சு"ன்னா (ஃபவுல் ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தாம விடுறதுதான் அட்வான்டேஜ்) வருஷக்கணக்கா நிக்கும். இன்னொண்ணு, "நல்லா பண்ணீங்க, ஆனா..." இந்த "ஆனா" வந்த உடனே முன்னாடி சொன்னது எல்லாம் அழிஞ்சு போயிடும், பாராட்டை தனியா சொல்லி முடிச்சுட்டு, மூச்சு விட்டுட்டு, அடுத்ததுக்கு போங்க.

உங்க பழைய கதையைக் குறைச்சுக்கோங்க. ஒரு கதை உதவும், மூணாவது கதைக்கு அவர் கண்ணு சொருக ஆரம்பிச்சிடும்.

ஸ்டெப் 9: வீடியோவை எப்படி ஓட்டுறது

கேம்ப்ல இப்ப எல்லா மேட்சும் ஷூட் பண்றாங்க, நல்லதுதான். மூணு கிளிப் போதும், அதுல ஒண்ணாவது அவர் நல்லா பண்ணதா இருக்கணும். காண்டாக்ட் நடக்குற நொடிக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி பாஸ் பண்ணி "நீங்க இப்ப எங்க இருக்கீங்க, அடுத்து என்ன நடக்கும்னு நினைச்சீங்க"ன்னு கேளுங்க. பாஸ் பண்ற அந்த இடத்துலதான் பாடமே இருக்கு, ஃபவுல்ல இல்ல.

முதல் தடவை சவுண்டை ம்யூட் பண்ணி ஓட்டுங்க. 2002ல வந்த ஒரு ஆய்வுல 40 ரெஃப்ரிகளுக்கு 47 டேக்கிளை வீடியோல காட்டினாங்க, ஒரு குரூப்புக்கு கூட்டத்தோட சத்தத்தோட, இன்னொரு குரூப்புக்கு சத்தமே இல்லாம. சத்தம் கேட்டவங்க ஹோம் டீம் மேல குறைவா ஃபவுல் குடுத்தாங்க. அதனால ம்யூட்ல ஒருதடவை, சத்தத்தோட ஒருதடவை காட்டி, "ரெண்டுக்கும் உங்களுக்குள்ள என்ன மாறுது"ன்னு கேளுங்க, அருமையான பேச்சு வரும்.

ஸ்லோ மோஷனை கை எங்க பட்டுச்சு, எந்த கால் முன்னாடிங்கிறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க. வேணும்னே பண்ணானா, எவ்ளோ பலமா பண்ணானாங்கிறதை நிஜ வேகத்துலதான் பார்க்கணும், ஸ்லோவா ஓட்டினா சாதாரண இடிகூட திட்டம் போட்டு பண்ண மாதிரி தெரியும். எல்லார் முன்னாடியும் ஒருத்தரோட தப்பு கிளிப்பை போடுறதா இருந்தா அவர்கிட்ட தனியா கேட்டுட்டு போடுங்க.

ஸ்டெப் 10: கஷ்டமான ஆட்கள், கஷ்டமான நேரம்

எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கிறவர் ஒருத்தர் இருப்பார். "இல்ல சார், அசிஸ்டென்ட் சொல்லல, வெயில் கண்ணுல பட்டுச்சு." வாதாடாதீங்க. கிளிப்பைப் போட்டுட்டு சும்மா இருங்க, இல்ல "சரி, அசிஸ்டென்ட் சொல்லாட்டியும் உங்களால என்ன பண்ண முடியும்"னு கேளுங்க. அழுதுட்டா, அழட்டும், தண்ணி குடுங்க, ஃபீட்பேக்கை அன்னைக்கு மூடி வைங்க, நாளைக்கு காலைல தொடரலாம். முன்னாள் ப்ளேயர்கள் ஆட்டத்தை நல்லா படிப்பாங்க, சிக்னலைத்தான் அலட்சியம் பண்ணுவாங்க, அவங்களுக்கு சிக்னல்ங்கிறது மைதானத்துல இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் பேசுறதுன்னு புரிய வச்சா போதும். உங்களை விட வயசுலயும் அனுபவத்துலயும் மூத்தவரை மென்டர் பண்ண வந்தா, "நீங்க இதை எப்படி கையாளுவீங்கன்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்"னு உண்மையா கேளுங்க, அது நடிப்பா இருந்தா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

பெண் அஃபிஷியல்கிட்ட உடம்பு, தலைமுடி, டிரெஸ் பத்தி கமென்ட் அடிக்கிற பழக்கம் சில இடத்துல இன்னும் இருக்கு. யூனிஃபார்ம் ரூல் எல்லாருக்கும் ஒண்ணு, அதைத் தாண்டி ஒரு வார்த்தையும் வேணாம். 18 வயசுக்குக் கீழ உள்ள ரெஃப்ரியோட தனி அறைல பேசாதீங்க, இன்னொரு பெரியவர் பார்க்கிற இடத்துல பேசுங்க.

கோச்சோ பார்வையாளரோ எல்லை மீறி திட்டினா, அதை அந்த சின்ன ரெஃப்ரி தாங்கிப் பழகட்டும்னு விடாதீங்க. எழுந்து போய் நிறுத்துங்க. ஆதரவுக்கு ஒரு ஆளும் இல்லாம திட்டு வாங்கி விசிலை ஒரேயடியா கழட்டி வச்சவங்க எனக்குத் தெரிஞ்சே சில பேர் இருக்காங்க, அதுல ரெண்டு பேர் என்னை விட நல்லா வந்திருப்பாங்க.

ஸ்டெப் 11: அடுத்த மேட்ச்ல அதை மட்டும் பாருங்க

குடுத்த ரெண்டு பாயிண்ட்டை அடுத்த மேட்ச்ல எண்ணுங்க. "காலைல ஏழு தடவை ரெண்டு ப்ளேயரும் ஒருத்தரை ஒருத்தர் மறைக்கிற நேர்கோட்டுல மாட்டினீங்க, இப்ப மூணு தடவை." இதை விட நல்ல ஃபீட்பேக் எனக்குத் தெரியாது. மூணாவது புதுசா ஒண்ணு கண்ணுல பட்டாலும் முதல் ரெண்டும் கைக்கு வர்ற வரைக்கும் பொறுங்க. புது பொசிஷன் பழகும்போது கால்கள் முதல்ல இன்னும் கொஞ்சம் தடுமாறும், அது சகஜம்னு அவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லைன்னா பழைய இடத்துக்கே ஓடிடுவார்.

ஸ்டெப் 12: கேம்ப் முடியும்போதும், அதுக்கப்புறமும்

கடைசி நாள் ஷீட்டை நீங்க எழுதாதீங்க, ரெஃப்ரியே தன் கைப்பட எழுதட்டும். மூணு வரி: எது இப்ப என் கைல இருக்கு, எதை வேலை பண்றேன், அடுத்த மூணு மேட்ச்ல என்ன செஞ்சு பார்க்கப் போறேன். நீங்க படிச்சுட்டு கையெழுத்து போட்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

மூணு வாரம் கழிச்சு ஒரு மெசேஜ். "எப்படி இருக்கீங்க"ன்னு பொதுவா அனுப்பினா "நல்லா இருக்கேன் சார்"னு வரும், அதோட முடிஞ்சுது. அவர் எழுதின மூணாவது வரியை அப்படியே டைப் பண்ணி, "இது எத்தனை மேட்ச்ல பண்ண முடிஞ்சுது?"ன்னு கேளுங்க. அந்த பேஸ்லைன் பொண்ணுக்கு இப்படித்தான் அனுப்பினேன், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு 20 செகண்ட் கிளிப் வந்துச்சு, வேற ஒரு மேட்ச், வேற ஒரு ஷூட்டர் விழுறான், இவங்க பக்கவாட்டுல ரெண்டு அடி நகர்ந்து நின்னு பார்த்துட்டு, விசிலை ஊதாம ஆட்டத்தை விடுறாங்க.